மூடன் இல்லாத மூடத்தனப் படங்கள்: பழைய எம்பிளம் அச்சுச் சித்திரங்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆன்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம், லண்டன் போன்ற நகரங்களில் அச்சான நீதிச் சித்திரம் ஒன்று முதன்முதலாகக் கையில் கிடைக்கும்போது, பெரும்பாலானோர் அதில் ஒரு கோமாளியைத் தேடுகிறார்கள். கழுதைக் காது தைத்த தொப்பியும் சலங்கையுமாக ஒருவன் தென்பட்டால், மூடத்தனத்தைப் பற்றிய படம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தென்படாவிட்டால் வெறும் பூப்படம், வெறும் மிருகப் படம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அக்காலத்து மிகக் கூர்மையான சில சித்திரங்களில் மூடன் எங்குமே வரையப்பட்டிருப்பதில்லை. 1614 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஒரு நூலில் இரண்டு டியூலிப் மலர்கள் மட்டும் நிற்கும் படம் ஒன்று உண்டு. அதன் மேல் டச்சு மொழியில் பொறித்திருக்கும் வாசகம், மூடனும் அவன் பணமும் சீக்கிரமே பிரிந்துவிடுவார்கள் என்கிறது. இவ்வகைத் தாளை எந்த வரிசையில் பார்த்தால் பிழையின்றிப் படிக்கலாம் என்பதை, அந்த டியூலிப் படத்தையும் வேறு சிலவற்றையும் வைத்து இங்கே விளக்குகிறேன்.

எம்பிளம் என்று இங்கே சொல்வது நிறுவனங்களின் இலச்சினையை அன்று. மேலே ஒரு சிறு தொடர், நடுவில் ஒரு படம், கீழேயோ எதிர்ப்பக்கத்திலோ ஒரு பாடல் அல்லது உரைநடைக் குறிப்பு என மூன்றும் சேர்ந்து ஒரே கருத்தைச் சொல்லும் வடிவத்திற்கு அந்தப் பெயர். இத்தாலியச் சட்ட அறிஞர் ஆந்திரேயா அல்சியாத்தோவின் லத்தீன் பாடல்கள் 1531 இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மரச்செதுக்குப் படங்களோடு அச்சேறிய பிறகு, இந்த வடிவம் ஐரோப்பா முழுவதும் பரவியது. அவருடைய எம்பிளங்களுள் ஒன்றில், ஒரு கழுதை ஐசிஸ் என்னும் தெய்வத்தின் சிலையை முதுகில் சுமந்து செல்கிறது. வழியில் நிற்பவர்கள் மண்டியிட்டு வணங்குகிறார்கள். படத்தை மட்டும் பார்த்தால் அது ஒரு சாமி புறப்பாடு. மேலே உள்ள தொடரோ, உனக்கன்று, சமயத்திற்கே என்று பாதியில் நின்றுவிடுகிறது. வணக்கமெல்லாம் தனக்கே என்று கழுதை பூரித்து நின்றதையும், நீ கடவுள் இல்லை, கழுதையே, கடவுளைச் சுமக்கிறாய் என்று ஓட்டுபவன் அதை அடித்ததையும் பாடல்தான் சொல்கிறது. மூன்றில் ஒன்றை மறைத்தாலும் பொருள் கலைந்துவிடும். பதவியின் மரியாதையைத் தன் மரியாதை என்று நம்பும் மனிதரை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் தாளும் கோடும்

பொருள் என்ன என்று கேட்பதற்கு முன்பு, கையில் இருப்பது எப்படி அச்சானது என்று கேளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு லென்ஸும், ஜன்னல் வெளிச்சமும் போதும். லென்ஸின் கீழ், செய்தித்தாள் புகைப்படத்தில் இருப்பது போன்ற ஒழுங்கான புள்ளி வலை தெரிந்தால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிந்திய மறுபதிப்பு. அதையும் படிக்கலாம், ஆனால் பழைய தாள் என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

புள்ளி வலை இல்லையென்றால் கோட்டின் முனையைப் பாருங்கள். செப்புத் தகட்டில் ப்யூரின் என்னும் செதுக்குளியை உள்ளங்கையால் தள்ளிக் கீறும்போது, உளி மெல்ல இறங்கி, ஆழ்ந்து, மெல்ல மேலேறுகிறது. அதனால் கோடு ஊசி முனைபோல் தொடங்கி, நடுவில் பருத்து, மீண்டும் ஊசி முனையாக முடியும். அமிலத்தால் அரிக்கப்பட்ட தகட்டின் கோடு பெரும்பாலும் ஒரே பருமனாக ஓடி மழுங்கிய முனையில் நிற்கும். மரச்செதுக்கில் கோட்டைச் சுற்றியுள்ள மரத்தையே நீக்குவதால், கோடுகள் தடித்தும், சந்திக்கும் இடங்கள் கோணலாகவும் இருக்கும். செப்புத் தகட்டு அச்சுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஈரமான தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளை அச்சில் பலமாக அழுத்துவதால், தகட்டின் ஓரம் தாளில் ஒரு செவ்வகப் பள்ளமாகப் பதிந்துவிடும். தாளைச் சற்றே சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இந்தத் தகட்டுத் தடம் தெரியும். தாளின் ஓரத்தைத் தடத்திற்கு உள்ளே வரை வெட்டியிருந்தால் தெரியாது.

எம்பிளம் நூல்களுக்கே உரிய ஒரு நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. மரக்கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். செப்புத் தகட்டை அப்படிச் செய்ய முடியாது. எழுத்துகளுக்கு ஒரு முறையும் தகட்டுக்கு வேறோர் அச்சில் இன்னொரு முறையுமாகத் தாள் இரண்டு தடவை போய் வர வேண்டும். ஆகவே படம் சில நேரம் எழுத்துகளுக்குச் சரிவாகவோ, பாடலின் முதல் வரியை உரசிக்கொண்டோ நிற்கும். புதியவர்கள் இதைப் போலியின் அடையாளம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், இரண்டு அச்சுகளைக் கடந்து வந்த தாள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

அடுத்து, தாளை வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பழைய கைத்தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளி மிகுந்த கோடுகளும் தெரியும். கூழை அள்ளிய சல்லடைக் கம்பிகளின் தடங்கள் அவை. அக்கோடுகள் இல்லாத வழவழப்பான தாள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே வழக்கத்திற்கு வந்தது. ஆகவே 1614 என்று போட்ட சித்திரம் அத்தகைய தாளில் இருந்தால், எப்போது அச்சிட்டது என்ற கேள்வி எழ வேண்டும். தாளாலையின் வாட்டர்மார்க்கும் தென்படலாம். அது சலங்கை கட்டிய கோமாளித் தொப்பியாக இருந்துவிட்டால், படத்தின் கருத்தே தாளிலும் இருக்கிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அந்தத் தொப்பி பல தாளாலைகள் பயன்படுத்திய வணிகக் குறி. அதிலிருந்துதான் நம் அலுவலகங்களிலும் தேர்வுக் கூடங்களிலும் புழங்கிய ஃபுல்ஸ்கேப் தாளுக்கு அந்தப் பெயரே வந்தது. மூடனின் தொப்பியைத் தலையெழுத்தாகக் கொண்ட தாளில் எத்தனை விண்ணப்பங்கள் எழுதியிருப்போம் என்பது வேறு கதை.

எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

இரண்டாவது படியில்தான் பொறுமை தேவைப்படும். மேலும் கீழும் உள்ள எழுத்துகளை வெள்ளைத் தாள் வைத்து மறைத்துக்கொண்டு, படத்தில் இருக்கும் பொருள்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பொருள் கூற வேண்டாம். பட்டியல் மட்டும் போதும். பயிற்சிக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது ஓவியர் பீட்டர் ப்ரூகெல் வரைந்து, ஆன்ட்வெர்ப்பில் ஹியரோனிமஸ் காக் வெளியிட்ட எல்க் என்னும் சித்திரத்தை. முறையான எம்பிளம் நூலின் பக்கம் அன்று அது, தனித்தாள். ஆனாலும் படம், வாசகம், பாடல் என்ற மூன்றும் அதில் உண்டு. 1558 என்று ஆண்டிட்ட மூல வரைபடம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையும் அச்சையும் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அதில் மூக்குக்கண்ணாடி அணிந்த தாடிக்காரர் ஒருவர் கையில் விளக்கோடு குனிந்து எதையோ தேடுகிறார். சுற்றிலும் மூட்டைகள், பீப்பாய்கள், விளையாட்டுப் பலகை, கருவிகள் என்று சந்தை முடிந்த மறுநாள் போல் சாமான்கள் இறைந்து கிடக்கின்றன. அதே போன்ற ஆட்கள் மூட்டைகளுக்குள்ளும் பீப்பாய்க்குள்ளும் நுழைந்து துழாவுகிறார்கள். இருவர் ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுக்கிறார்கள். கீழே சிலுவை பதித்த உலக உருண்டை ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. பின்னால் சுவரில் மாட்டிய படத்துக்குள் ஒருவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவையும் எழுதிய பிறகு மறைப்பை எடுத்தால், ஆடைகளில் எல்க் என்ற சொல் தைத்திருப்பது புரியத் தொடங்கும். அதற்கு டச்சில் ஒவ்வொருவரும் என்று பொருள். சுவர்ப் படத்தின் கீழே, தன்னை எவனும் அறிவதில்லை என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொருவரும் உலகத்துச் சாமான்களுக்குள் தன்னைத் தேடுகிறார்கள். ஒருவரும் தன்னை அறியவில்லை. முதலிலேயே வாசகத்தைப் படித்தவர்களுக்கு இந்தத் தாடிக்காரர் ஒரு தத்துவ விளக்கமாக மட்டும் நின்றுவிடுகிறார். பட்டியல் போட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் மூக்குக்கண்ணாடியும் விளக்கும் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தும் பயனில்லை என்ற கேலி உறைக்கிறது. நெதர்லாந்து நாட்டுப் பழமொழி ஒன்று, ஆந்தை பார்க்க மறுத்தால் மெழுகுவத்தியும் மூக்குக்கண்ணாடியும் எதற்கு என்று கேட்கும். ப்ரூகெலின் காலத்தவர்களுக்கு அந்தக் கேலி விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும்.

பிறகு எழுத்துகள்

லத்தீனோ டச்சோ தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை. எழுத்துகளை அடையாளம் கண்டு அப்படியே படி எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அக்கால அச்சில் எஸ் எழுத்துக்கு எஃப் போல் தோன்றும் நீண்ட வடிவம் ஒன்று உண்டு. நடுக்கோடு முழுமையாகக் குறுக்கே போகாததை வைத்து வேறுபடுத்தலாம். யூ, வி இரண்டும் இடம் மாறி வரும். எழுத்தின் மேல் சிறு கோடு இருந்தால், பெரும்பாலும் எம் அல்லது என் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

படத்தின் கீழ் ஓரத்தில் பெயர்களோடு சில சுருக்கங்கள் வரும். இன்வெனிட் என்றால் கருத்தமைத்தவர், ஸ்கல்ப்ஸிட் என்றால் தகட்டில் செதுக்கியவர், எக்ஸ்கூடிட் என்றால் வெளியிட்டவர். மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது வழக்கம். விலைச்சீட்டில் புகழ்பெற்ற ஓவியர் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்கும்போது, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சுருக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

மொழிபெயர்க்கும்போது இன்றைய அகராதியை மட்டும் நம்பினால் தவறு நேரும். டியூலிப் படம் இடம்பெற்ற அதே நூலில் கடற்சிப்பிகளைக் காட்டும் எம்பிளம் ஒன்று இருக்கிறது. அதன் வாசகத்தில் வரும் மிஸ்ஸெலைக் என்னும் டச்சுச் சொல்லுக்கு இன்று குமட்டல் என்று பொருள். அதைக் கொண்டு, மூடன் பணத்தைக் கொட்டுமிடம் குமட்டுகிறது என்று மொழிபெயர்த்தால் ஆசிரியர் கோபக்காரர் ஆகிவிடுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் அச்சொல் விசித்திரமான, இன்னதென்று சொல்ல முடியாத என்ற பொருளிலும் வழங்கியது. மூடன் தன் பணத்தை எதில் போடுவான் என்று யாருக்குத் தெரியும் என்று படித்தால், அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்பது புலப்படும். அந்தச் சிரிப்பைத் தவறவிடுவதைத்தான் இத்துறையில் பெரிய இழப்பாக நான் கருதுகிறேன்.

ஆண்டை விட்டுவிடாதீர்கள்

இப்போது டியூலிப் படத்துக்கு வருவோம். நூலின் பெயர் சின்னெபோப்பென். எழுதியவர் ஆம்ஸ்டர்டாமின் தானிய வணிகரும் கவிஞருமான ரூமர் விஸ்ஸர். தகடுகளைச் செதுக்கியவர் அதே குடும்பப் பெயரைக் கொண்டிருந்தும் உறவினர் அல்லாத கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராகவே எழுதிவிடும் குறிப்புகள் உண்டு, எச்சரிக்கையாக இருங்கள்.

படத்தில் மலர்கள் மட்டும். மனிதன் இல்லை, பணப்பை இல்லை, தொப்பி இல்லை. வாசகத்தில் மூடனும் பணமும் மட்டும், மலர் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், பூங்கிழங்கு வாங்கக் காசை எண்ணிக் கொடுப்பவனைப் பார்ப்பவரே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஊதியத்தைப் போகவிடும் அந்த ஆளைச் செதுக்கிக் காட்டியிருந்தால், அவன் யாரோ ஒருவனாகப் போயிருப்பான். காட்டாமல் விட்டதால், அந்தப் பக்கத்தைத் திறந்த டியூலிப் பிரியர் ஒவ்வொருவருக்கும் உறுத்தியிருக்கும்.

இந்தப் படத்தைக் கண்டவுடன் டியூலிப் பித்து என்று எழுதிவிடுவதுதான் மிகப் பரவலான பிழை. ஹாலந்தில் டியூலிப் கிழங்குகளின் விலை தாறுமாறாக ஏறிச் சரிந்தது 1637 பிப்ரவரியில். நூல் வந்தது 1614 இல். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி. லெய்டன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் தாவரவியலாளர் கரோலஸ் க்ளூசியஸ் நட்டவை 1594 இல் பூத்தன. ஆக, விஸ்ஸர் எழுதிய காலத்தில் இம்மலர் அங்கே இன்னும் அரிய பொருள். வசதி படைத்தவர்கள் சேகரித்த புதுமை. அவர் கேலி செய்தது, அழகான, அரிதான, பயனற்ற ஒன்றுக்குப் பணத்தைக் கொடுக்கும் சேகரிப்பாளரை. சிப்பிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது உறுதிப்படும். அங்கேயும் தொலைதூரக் கடலிலிருந்து வந்த அரிய பொருள், இங்கேயும் அதே. 1637 இன் சரிவை அவர் முன்கூட்டியே கண்டார் என்று சொல்வது சுவையான கதைதான். ஆனால் ஆண்டு அதற்கு இடம் தரவில்லை. பழைய அச்சுத் தாள்களைச் சேர்க்கும் என்னைப் போன்றவர்களும் அந்தக் கேலிக்குள் வருகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே தகடு, வேறு பாடல்

அடுத்த படி ஒப்பிடுதல். செப்புத் தகடு விலை மிகுந்த பொருள் என்பதால் கைமாறிக்கொண்டே இருந்தது. புதிய உரிமையாளர் புதிய பாடலை எழுதிச் சேர்த்துக்கொள்வார். காப்ரியேல் ரோலன்ஹாகன் என்னும் ஜெர்மானியரின் லத்தீன் எம்பிளங்களுக்காகக் கிறிஸ்பைன் டி பாஸ்ஸெ பட்டறையில் செதுக்கிய வட்ட வடிவத் தகடுகள் 1611 முதல் வெளிவந்தன. அவற்றையே 1635 இல் லண்டனில் ஜார்ஜ் விதர் எடுத்து, நீண்ட ஆங்கிலப் பாடல்களோடு 200 எம்பிளங்களாக வெளியிட்டார். வட்டத்தைச் சுற்றி ஓடும் பழைய வாசகம் அப்படியே நிற்கிறது. கீழே பாடல் மாறியிருக்கிறது. நூலின் முடிவில் கடிகார முள் போன்ற ஒன்றைச் சுழற்றி எண்ணைத் தேர்ந்து, தமக்கு விழுந்த எம்பிளத்தைப் படித்துக்கொள்ளும் விளையாட்டையும் விதர் வைத்தார். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டு நினைவுக்கு வருகிறது அல்லவா. சின்னெபோப்பெனும் இப்படி மாறியது: முதற்பதிப்பில் தந்தையின் உரைநடைக் குறிப்புகள் இருக்கின்றன, பின்னால் வந்த பதிப்பில் மகள் அன்னா ரூமர்ஸ் செய்யுள்களைச் சேர்த்தார். எனவே, உங்கள் தாளில் படத்தோடு இருப்பது உரைநடையா செய்யுளா என்பதே எந்தப் பதிப்பு என்று தேட நல்ல தொடக்கம்.

ஒப்பிடுவதற்கு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகள் உதவும். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அல்சியாத்தோவின் பல பதிப்புகளைப் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தேடும்போது படத்தின் கருத்தைக் கொண்டு தேடாமல், இரண்டாவது படியில் எழுதிய பொருள்களின் பெயரைக் கொண்டு தேடுங்கள். விளக்கு, கழுதை, சிப்பி என்று தேடினால் கிடைப்பது, மூடத்தனம் என்று தேடினால் கிடைக்காது.

குறியீடுகளைப் பற்றி ஒரு சொல். குரங்கு என்றால் இது, மயில் என்றால் அது என்று மனப்பாடப் பட்டியல் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் விரைவில் இடறுவார்கள். கிரேக்க மரபில் ஆந்தை அறிவுத் தெய்வத்தின் பறவை. நெதர்லாந்துச் சித்திரங்களில் அதே பறவை வெளிச்சத்தில் கண் தெரியாத மூடனுக்கு நிற்கும். ஆந்தை விழி விழிக்கிறான் என்று வைது பழகிய நமக்கு இரண்டாவது பொருள் எளிதில் பிடிபடும். எந்தப் பொருள் என்பதை அந்தத் தாளின் வாசகமும் பாடலுமே தீர்மானிக்க வேண்டும்.

பாதுகாப்பு, குறிப்பு

நான் முதன்முதலில் வாங்கிய எம்பிளம் தாளில், கண்ணாடிச் சட்டத்துக்கு அளவாக வர வேண்டும் என்பதற்காக, கீழிருந்த பாடலை யாரோ கத்தரித்து எறிந்திருந்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. விற்றவரும் அதையே காட்டி விற்றார். மூன்றில் ஒரு பங்கு இல்லாத தாள் அது என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் பிடித்தது. ஆகவே வாங்கும் முன் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். வாங்கியதை ஒட்டுநாடா போட்டு ஒட்டாதீர்கள். அமிலமில்லாத உறைக்குள், வெயில் படாத இடத்தில், தட்டையாக வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

இறுதியாக, ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். டியூலிப் படத்திற்கு நான் எழுதி வைத்திருப்பது இது. பொருள்கள்: இரண்டு டியூலிப் மலர்கள்; ஆள் எவரும் இல்லை. வாசகம்: டச்சு, மூடனும் பணமும் பிரிவது. எழுதியவர், செதுக்கியவர்: ஒரே குடும்பப் பெயர், இருவேறு ஆட்கள். ஆண்டு: 1614, 1637 உடன் சேர்க்கக் கூடாது. அச்சு முறை: செப்புத் தகடு, செதுக்குளி. உடன் வைத்துப் பார்க்க வேண்டியது: சிப்பிப் படம்.